ஃபிலிப்பினோக்களின் 'டூயல்' சேவை: 50 டாலருக்குத் தகுமா, கிரீன் கார்டே போதுமா?

முதலிலேயே மதிப்பெண்ணைப் போட்டுவிடுகிறேன், கடைசிவரை படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இத்தோடு கிளம்பலாம். ஃபிலிப்பைன்ஸ் அரசு தன் பழைய குடிமக்களுக்குத் தருகிற இரட்டைக் குடியுரிமைச் சேவைக்கு ஐந்துக்கு நாலு. அதற்குப் போட்டியாகப் பலரும் வைத்துப் பார்க்கிற நிரந்தர வசிப்புரிமை, அதாவது கிரீன் கார்டோடு நின்றுவிடுவது, அமெரிக்காவைப் பொறுத்தவரை ஐந்துக்கு இரண்டரை. ஜப்பானில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ், அதைப் பின்னால் சொல்கிறேன்.

இதை எழுத நான் யார் என்றால், ஃபிலிப்பைன்ஸின் இலோய்லோ ஊர்க்காரி ஒருத்தியைக் கட்டிக்கொண்டு அமெரிக்காவில் குடித்தனம் நடத்துகிற தமிழன். மனைவி நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறவர்களிலும் பாதிப் பேர் நர்ஸ்கள். பான்சித் நூடுல்ஸ் தட்டு காலியாவதற்குள் பேச்சு எப்படியோ சுற்றி 'டூயல் எடுத்தாச்சா?' என்பதில் வந்து நிற்கும். ஃபிலிப்பினோக்கள் இதை டூயல் என்றுதான் சொல்வார்கள், விவரம் தெரிந்த பெரியவர்கள் சட்டத்தின் எண்ணை வைத்து 9225 என்பார்கள். ஆளுக்கொரு அனுபவம், ஆளுக்கொரு தவறான தகவல். 'குயா (அண்ணா), நீங்கள்தான் எதையும் படித்துப் பார்த்துச் சொல்வீர்களே' என்று என் தலையில் கட்டிவிட்டதால் உட்கார்ந்து படித்தேன், மனைவி இந்தச் சேவையை எடுத்தபோது கூடவே அலைந்தேன்.

முதலில் இந்தச் சரக்கு என்னவென்று பார்த்துவிடுவோம். 1936-ஆம் ஆண்டு வந்த காமன்வெல்த் சட்டம் 63-ன்படி, ஒரு ஃபிலிப்பினோ வேறு நாட்டின் குடியுரிமையைக் கேட்டு வாங்கினால் சொந்த நாட்டின் குடியுரிமை போய்விடும். இதற்கு மாற்றாக 2003 ஆகஸ்ட் 29 அன்று அதிபர் குளோரியா மக்கபாகல் அர்ரோயோ கையெழுத்திட்ட குடியரசுச் சட்டம் 9225 வந்தது. பிறப்பால் ஃபிலிப்பினோவாக இருந்து வேறு நாட்டுக் குடிமகனாக மாறியவர், ஃபிலிப்பைன்ஸுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தால் போதும், போன குடியுரிமை திரும்பி வந்துவிடும். தேர்வு கிடையாது, நேர்முகம் என்று பெரிதாக எதுவும் கிடையாது, ஃபிலிப்பைன்ஸில் போய் வசிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. தூதரகத்தில் கட்டணம் 50 டாலர். அமெரிக்கக் குடியுரிமை விண்ணப்பத்துக்கு 2024 ஏப்ரல் முதல் தாளில் போட்டால் 760 டாலர், இணையத்தில் போட்டால் 710 டாலர் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். வாங்கப் போகிற இடத்தில் எழுநூறு, தொலைத்ததைத் திரும்ப வாங்க ஐம்பது. பரவாயில்லை, நியாயமான விலைதான்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்கக் குடியுரிமைப் பிரமாணத்தில் வேறெந்த நாட்டின் மீதும் உள்ள விசுவாசத்தை முழுக்கத் துறக்கிறேன் என்று கையை உயர்த்திச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு வெளியே வந்து, அடுத்த மாதமே ஃபிலிப்பைன்ஸ் தூதரகத்தில் அதே கையை உயர்த்தி அந்த நாட்டின் அரசியல் சாசனத்தைக் காப்பேன் என்று இன்னொரு சத்தியம். மனதுக்குள் எந்த ஒளிவுமறைவும் இல்லை என்ற வரி இரண்டு பிரமாணத்திலும் வரும். அமெரிக்கா இதைக் கண்டுகொள்வதில்லை. ஃபிலிப்பைன்ஸின் 1987 அரசியல் சாசனம், நாலாவது பிரிவில், இரட்டை விசுவாசம் நாட்டு நலனுக்கு எதிரானது, அதற்குச் சட்டம் செய்யப்படும் என்று முறைக்கிறது. பதினாறு வருஷம் கழித்து வந்த சட்டமோ 'வாங்க வாங்க' என்கிறது.

சரி, ஒப்பீட்டுக்கு வருவோம். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நடக்கிற விவாதத்தில் எல்லோரும் சறுக்குகிற இடம் இதுதான்: டூயலா, கிரீன் கார்டா என்று இரண்டு கட்சியாகப் பிரித்துப் பேசுகிறார்கள். உண்மையில் மூன்று நிலை இருக்கிறது. கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர் இன்னமும் முழு ஃபிலிப்பினோ. நிலம் வாங்கலாம், ஓட்டுப் போடலாம், கடவுச்சீட்டு இருக்கிறது, ஃபிலிப்பைன்ஸ் பக்கம் அவருக்கு ஒரு பைசா நஷ்டமில்லை, குறையெல்லாம் அமெரிக்கப் பக்கம்தான். டூயல் எடுத்தவருக்கு இரண்டு பக்கமும் முழுசு. நடுவில் ஒரு கூட்டம் இருக்கிறது, அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டு 9225 பிரமாணத்தை 'அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறவர்கள். சட்டப்படி அவர்கள் ஃபிலிப்பைன்ஸில் வெளிநாட்டுக்காரர்கள். ஆனால் அவர்களுக்கு அப்படித் தோன்றுவதில்லை, ஊருக்குப் போனால் அதே வீடு, அதே தெரு, அதே மொழி. மூன்று நிலையிலும் ஆபத்தானது இதுதான் என்பது என் கட்சி.

ஏன் என்பதற்கு 2015-இல் ஃபிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றத்தில் வந்த ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். கனடாவுக்குப் போய் அந்நாட்டுக் குடிமகனான ஒருவர் ஓய்வு பெற்றுத் திரும்பி வந்தார். ஓரியண்டல் மிண்டோரோவில் கடற்கரையோரம் 600 சதுர மீட்டர் இடம் வாங்கி வீடு கட்டினார். அப்புறம்தான் அது அரசு நிலம் என்று தெரிந்தது. சரி, குத்தகைக்காவது விண்ணப்பிப்போம் என்று 2007 ஏப்ரலில் ஒரு மனு போட்டார், அதில் தான் ஃபிலிப்பைன்ஸ் குடிமகன் என்று எழுதினார். அதே 2007 அக்டோபரில் 9225-இன்கீழ் குடியுரிமையைத் திரும்பப் பெற்றும்விட்டார். ஆனால் ஏப்ரலில் எழுதியது பொய் என்று ஆவணத்தில் போலித் தகவல் தந்ததாகக் குற்ற வழக்கு வந்தது. நான்தான் திரும்ப வாங்கிவிட்டேனே, பழைய நாளிலிருந்தே குடிமகன் என்றுதானே அர்த்தம் என்று வாதாடிப் பார்த்தார். நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. பிரமாணம் எடுத்த நாளிலிருந்துதான் குடியுரிமை, பின்தேதியிட்டு எதுவும் கிடையாது என்று சொல்லிவிட்டது. ஆறு மாத இடைவெளி. வேறொன்றுமில்லை.

இந்த வழக்கைச் சொன்னதும் எங்கள் மேஜையில் இருந்த ஒருவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அவர் ஊரில் தம்பி பேரில் நிலம் வாங்கிப் போட்டிருக்கிறார். தம்பி பேரில் வாங்குவதில் என்னென்ன வரும் என்று தமிழர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

நிலம்தான் இந்த விஷயத்தின் உயிர்நாடி என்பதால் இதில் கொஞ்சம் நிற்கிறேன். ஃபிலிப்பைன்ஸில் வெளிநாட்டவருக்குத் தனியார் நிலம் கிடையாது, அரசியல் சாசனமே அப்படித்தான் சொல்கிறது. அடுக்குமாடிக் கட்டடத்தில் மொத்தத்தில் 40 சதவீதம்வரை வெளிநாட்டவர் வைத்துக்கொள்ளலாம், தரை மட்டும் கிடையாது. பிறப்பால் ஃபிலிப்பினோவாக இருந்து குடியுரிமையை இழந்தவருக்குத் தனிச் சலுகை உண்டு: குடியிருக்க என்றால் நகரத்தில் 1,000 சதுர மீட்டர், கிராமத்தில் ஒரு ஹெக்டேர். தொழில் செய்ய என்றால் 5,000 சதுர மீட்டர் அல்லது மூன்று ஹெக்டேர். எனவே டூயல் இல்லாவிட்டால் நிலமே வாங்க முடியாது என்று சிலர் பயமுறுத்துவது சரியில்லை. அதேபோல அப்பா அம்மா சொத்து கைவிட்டுப் போய்விடும் என்பதும் சரியில்லை. சட்டப்படியான வாரிசு என்ற முறையில் வருகிற நிலத்தை வெளிநாட்டவரும் பெறலாம், சாசனத்திலேயே அந்த விலக்கு இருக்கிறது. அப்படியானால் டூயல் எதற்கு? இந்தச் சலுகையின் எல்லைகள் இல்லாமல் வாங்க, வாங்கியதைப் பத்திரப் பதிவில் கேள்வியில்லாமல் மாற்ற, அண்ணன் தம்பிகள் பங்கை விலை கொடுத்து வாங்கிச் சேர்க்க. என் மனைவிக்குக் காரணம் இந்தக் கடைசிதான். மாமியார் வீட்டு நெல்வயல் பல பங்காக இருக்கிறது, ஒவ்வொரு பங்காக அவளே வாங்கிக்கொண்டு வந்தால் அந்த எல்லையை எப்போது தாண்டுவோம் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார முடியாது.

இனி சேவையைப் பற்றி. போய் வந்த அனுபவத்தில் பிரமாணம் என்பது ஒரு நிமிஷ வேலை, அதற்கு முன்னால் இருக்கிற காகித வேலைதான் எல்லாம். பி.எஸ்.ஏ., அதாவது ஃபிலிப்பைன்ஸ் அரசின் புள்ளிவிவரத் துறை, தருகிற பிறப்புச் சான்றிதழ் வேண்டும், அவர்களுடைய பாதுகாப்புத் தாளில் அச்சானது. இதை இணையத்தில் கேட்டால் வெளிநாட்டு முகவரிக்கே அனுப்புகிறார்கள், அந்த வசதி நன்றாக இருக்கிறது. அமெரிக்கக் குடியுரிமைச் சான்றிதழ், பழைய கடவுச்சீட்டு, கல்யாணம் வெளிநாட்டில் நடந்து கணவர் பெயரைச் சேர்த்திருந்தால் அந்தக் கல்யாணத்தைத் தூதரகத்தில் பதிந்த சான்று, புகைப்படங்கள், எல்லாவற்றுக்கும் நகல்.

வில்லங்கம் பெயரில் வரும். ஃபிலிப்பினோப் பெண்கள் பாதிப் பேருக்கு மரியா என்று பெயர் தொடங்கும், சான்றிதழில் அது மா என்று எழுதிப் புள்ளி வைத்த சுருக்கமாக இருக்கும். அமெரிக்காவில் எவனோ அந்தப் புள்ளியை விட்டுவிட்டு மா என்பதையே முதல் பெயராக ஏற்றியிருப்பான், இன்னொருவன் மரியா என்று விரித்திருப்பான். அடுத்தது நடுப்பெயர். அங்கே நடுப்பெயர் என்றால் அம்மாவின் கன்னிப் பருவத்துக் குடும்பப்பெயர், ஆளை அடையாளம் காண அதுதான் முக்கியம். அமெரிக்கத் தாள்களில் அது பல சமயம் காணாமல் போயிருக்கும், அல்லது கல்யாணத்துக்குப் பிறகு கன்னிப்பெயர் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். என் மனைவி விஷயத்தில் இன்னொரு அடுக்கு: அவள் சேர்த்துக்கொண்ட கணவர் குடும்பப்பெயர் என்பது உண்மையில் என் அப்பாவின் பெயர், இனிஷியலை விரித்து எழுதியது. அதை அமெரிக்கத் தாளில் ஓர் எழுத்துக் கூடுதலாகவும் கல்யாணச் சான்றில் ஓர் எழுத்துக் குறைவாகவும் எழுதியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் இருந்த தூதரக அலுவலகத்தில் சன்னல் ஊழியர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேனா முனையால் எழுத்து எழுத்தாகத் தொட்டுக்கொண்டே வந்து, அந்த ஓர் எழுத்தில் நிறுத்தினார். இருவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் பிரமாண வாக்குமூலம் வாங்கி வரச் சொன்னார். அதில் தப்பில்லை, வேலையைக் கவனமாகச் செய்கிறார். ஆனால் விண்ணப்பத்தோடு வருகிற பட்டியலில் இப்படி ஒன்று தேவைப்படலாம் என்று ஒரு வரி போட்டிருந்தால் எல்லோருக்கும் ஒரு நாள் விடுப்பு மிச்சமாகும். அங்கே வரிசையில் நின்ற ஏராளமான பேரும் அதே நோட்டரியைத் தேடித்தான் போய்க்கொண்டிருந்தார்கள். நான் குறைத்த அந்த ஒரு மதிப்பெண் இதற்கும், நேரம் ஒதுக்கிக் கொடுப்பதில் இருக்கிற இழுத்தடிப்புக்கும் சேர்த்து.

பிறப்புச் சான்றிதழிலேயே எழுத்துப்பிழை என்றால் அது தனி வேலை. 2001-இல் வந்த குடியரசுச் சட்டம் 9048-ன்கீழ் சின்னப் பிழைகளை நீதிமன்றம் போகாமல் உள்ளூர்ப் பதிவாளரிடமே திருத்தலாம், 2012-இல் பிறந்த நாள், மாதம், பால் ஆகியவற்றில் உள்ள எழுத்துப்பிழைக்கும் அதை நீட்டினார்கள். ஆனால் காலம் எடுக்கும். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருக்கிறவர்கள் முதல் வேலையாக இதைப் பார்த்து வைக்கலாம்.

பிரமாண நாள் நன்றாக இருந்தது என்று சொல்ல வேண்டும். கூட்டமாக நிற்க வைத்து, துணைத் தூதர் முன்னால் வாசிக்க எல்லோரும் திருப்பிச் சொல்கிறார்கள். எண்பதைத் தாண்டிய ஒரு லோலா, அதாவது பாட்டி, சக்கர நாற்காலியில் வந்திருந்தார், பேத்தி தாளைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவர் தாளைப் பார்க்காமலே எல்லோருக்கும் ஒரு வார்த்தை முன்னால் போய்க்கொண்டிருந்தார். முடிந்ததும் ஒப்புதல் ஆணை, பிரமாணப் பத்திரம், அடையாளச் சான்றிதழ் மூன்றும் கைக்கு வருகின்றன. கடவுச்சீட்டு வேண்டுமென்றால் அது தனி விண்ணப்பம், வெளிநாட்டில் 60 டாலர், பெரியவர்களுக்குப் பத்து வருஷம் செல்லும். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அமெரிக்கக் கடவுச்சீட்டைக் காட்டி ஊருக்குள் போனால் அந்தச் சான்றிதழ்களை எடுத்துக் காட்டி விளக்க வேண்டியிருக்கும். அமெரிக்காவுக்குள் வரவும் போகவும் அமெரிக்கக் கடவுச்சீட்டுதான் காட்ட வேண்டும், இரண்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டுதான் திரிய வேண்டும். பெரிய நகரம் தள்ளியிருக்கிறவர்கள் தூதரகம் வாரக் கடைசிகளில் வேறு ஊர்களுக்கு வந்து நடத்துகிற முகாம்களைப் பார்த்து வைத்துக்கொண்டால் விமானச் செலவு மிச்சம்.

இப்போது கிரீன் கார்டுக்காரர்கள் பக்கம். 'எனக்கு எதற்கு அமெரிக்கக் குடியுரிமை, வேலை செய்கிறேன், வரி கட்டுகிறேன், பத்து வருஷத்துக்கு ஒரு முறை அட்டையைப் புதுப்பிக்கிறேன்' என்பார்கள். அட்டைக்குத்தான் பத்து வருஷம், உங்கள் இருப்புக்கு அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் திரும்பி வரும்போது கேள்வி, ஒரு வருஷத்தைத் தாண்டினால் அட்டையே கேள்வி, முன்கூட்டி மறுநுழைவு அனுமதி வாங்கினால் அதிகபட்சம் இரண்டு வருஷம். ஊரில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தால் இந்தக் கணக்கெல்லாம் யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? பழைய வழக்கு ஏதாவது இருந்தால் இன்னும் மோசம். 2025-இல், அரை நூற்றாண்டாகக் கிரீன் கார்டு வைத்திருந்த ஒரு ஃபிலிப்பினோ அம்மா ஊருக்குப் போய்த் திரும்பும்போது, பல வருஷத்துக்கு முந்தைய ஒரு வழக்குக்காக விமான நிலையத்திலேயே நிறுத்தப்பட்டுச் சில மாதங்கள் காவலில் இருந்தார். அந்தச் செய்தி வந்த வாரத்தில் எங்கள் வாட்ஸப் குழுவில் குடியுரிமை விண்ணப்பத்தின் இணைப்பைக் கேட்காத ஆளில்லை.

பெட்டிஷன், அதாவது சொந்தக்காரர்களை அமெரிக்காவுக்கு அழைத்துவரப் போடுகிற மனு, இன்னொரு பெரிய விஷயம். பெற்றோரையும் உடன்பிறப்பையும் அழைத்துவரக் குடிமகனால்தான் முடியும், கிரீன் கார்டுக்காரரால் முடியாது. உடன்பிறப்பு வரிசையில் ஃபிலிப்பைன்ஸுக்கு இருபது வருஷத்துக்கும் மேல் காத்திருப்பு, சின்னப் பையனுக்காகப் போட்ட மனு அவன் தலை நரைத்த பிறகு வரும். அதனால் ஒவ்வொரு வருஷம் தள்ளிப்போடுவதும் தம்பி தங்கைகளின் ஆயுளிலிருந்து எடுப்பது மாதிரி. இருந்தாலும் கிரீன் கார்டோடு நிற்பது லாபமாகிற இடமும் இதே பெட்டிஷனில் உண்டு. கல்யாணமாகாத வயது வந்த பிள்ளைக்குக் கிரீன் கார்டு வைத்திருக்கிற அம்மா மனு போட்டிருக்கிறார் என்று வையுங்கள். அம்மா குடியுரிமை வாங்கியதும் அந்த மனு வேறு வரிசைக்குத் தாவும், ஃபிலிப்பைன்ஸைப் பொறுத்தவரை அந்த வரிசை சில காலங்களில் இன்னும் மெதுவாக நகர்ந்திருக்கிறது. இதற்காகவே 2002-இல் வந்த ஒரு சட்டத்தில், வேண்டாம், பழைய வரிசையிலேயே இருக்கிறேன் என்று எழுதிக் கொடுக்க வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளை இதற்கிடையில் கல்யாணம் செய்துகொண்டால் கிரீன் கார்டு அம்மாவின் மனு செத்துவிடும், குடிமகள் அம்மாவின் மனு மட்டும் வேறு வரிசைக்குப் போய் உயிரோடு இருக்கும். இதனால் ஊரில் பிள்ளை குட்டியோடு குடும்பமாக வாழ்ந்துகொண்டே, தேவாலயத்தில் தாலி... மன்னிக்கவும், மோதிரம் மாற்றாமல் காத்திருக்கிற ஜோடிகளை எனக்குத் தெரியும். குடியுரிமை விண்ணப்பம் போடுவதற்கு முன் வக்கீலிடம் ஒரு மணி நேரம் கட்டாயம் செலவழிக்க வேண்டிய கூட்டம் இவர்கள்.

அமெரிக்காவை விட்டு வெளியே வந்தால் பதில் நாட்டுக்கு நாடு மாறும். கனடாவில் ஐந்து வருஷத்தில் 1,095 நாள் இருந்தால் குடியுரிமைக்குப் போகலாம், வெறும் நிரந்தர வசிப்புரிமையைக் காப்பாற்றவே ஐந்து வருஷத்தில் 730 நாள் இருந்தாக வேண்டும். கூட ஒரு வருஷம் இருந்தால் தீர்ந்துபோகிற தலைவலி, அங்கே யோசிக்கவே வேண்டாம். ஸ்பெயின் கதை இன்னும் சுவாரசியம்: பழைய காலனி உறவால் ஃபிலிப்பினோக்கள் இரண்டே வருஷ வசிப்பில் விண்ணப்பிக்கலாம், பழைய குடியுரிமையைத் துறக்கவும் வேண்டாம். பக்கத்தில் இத்தாலியில் அதே ஃபிலிப்பினோ பத்து வருஷம் காத்திருக்க வேண்டும். அதை ஐந்தாக்க 2025 ஜூனில் நடந்த பொதுவாக்கெடுப்பு, போதிய பேர் ஓட்டுப் போட வராததால் செல்லாமல் போனது. ஜெர்மனி 2024 ஜூன் முதல் இரட்டைக் குடியுரிமையை ஒத்துக்கொள்கிறது. வளைகுடாவில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, ஒப்பந்தம் முடிந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

ஜப்பானில்தான் நான் கிரீன் கார்டு மாதிரியான நிரந்தர வசிப்புரிமைக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அந்த நாடு இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஜப்பானியக் குடியுரிமை வாங்கியவர் அப்புறம் தூதரகத்துக்குப் போய் 9225 பிரமாணம் எடுத்தால், தானாக விரும்பி வேறு குடியுரிமை வாங்கிய கணக்கில் ஜப்பானியக் குடியுரிமை போய்விடும், அவர்களுடைய குடியுரிமைச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு. ஐம்பது டாலர் சேவை அங்கே இப்படிக் காலை வாரும். சிங்கப்பூரும் இரட்டையை ஏற்காத நாடுதான். 'அங்கே அத்தை எடுத்தாங்க, இங்கே நானும் எடுக்கிறேன்' என்று கலிஃபோர்னியா உறவினரைப் பார்த்து ஒசாகாவில் முடிவெடுக்கக் கூடாது.

வரியைப் பற்றி இவ்வளவு பயம் எதற்கு என்று எனக்குப் புரிவதில்லை. வெளிநாட்டில் வசிக்கிற ஃபிலிப்பினோக் குடிமகனுக்கு ஃபிலிப்பைன்ஸுக்குள் வருகிற வருமானத்துக்கு மட்டும்தான் அங்கே வரி. ஊரில் வாடகை வந்தால் கட்ட வேண்டும், அதை வெளிநாட்டவரும் கட்டித்தான் ஆக வேண்டும். ஓய்வு பெற்று ஊரில் நிரந்தரமாகத் தங்கினால் கதை வேறு, வசிக்கும் குடிமகனுக்கு உலக வருமானம் முழுக்கக் கணக்கில் வரும், அப்போது கணக்காளரைப் பாருங்கள். அதைவிடக் கவனிக்க வேண்டியது குடும்பச் சட்டம். குடிமகன் எந்த நாட்டில் இருந்தாலும் ஃபிலிப்பைன்ஸின் திருமணச் சட்டம் கூடவே வரும், முஸ்லிம்களைத் தவிர மற்றவர்களுக்கு அங்கே விவாகரத்தே கிடையாது. மணவாழ்க்கை ஆட்டம் காண்கிறவர்கள் பிரமாணத்துக்கு முன்னால் ஒரு வக்கீலைப் பார்ப்பது நல்லது.

ஓட்டுரிமை இரண்டு தரப்புக்கும் உண்டு. முன்பு கிரீன் கார்டுக்காரர்கள் மூன்று வருஷத்தில் திரும்பி வருவேன் என்று எழுதிக் கொடுத்தால்தான் வெளிநாட்டிலிருந்து ஓட்டுப் போட முடியும், 2013-இல் அதை எடுத்துவிட்டார்கள். டூயல்காரர்கள் ஊரில் வசிக்காமலே ஓட்டுப் போடலாம் என்று 2006-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025 மே தேர்தலில் வெளிநாட்டில் வாழும் ஃபிலிப்பினோக்களுக்கு முதன்முறையாக இணையத்தில் வாக்களிப்பு வந்தது, என் மனைவி சமையலறையில் நின்றபடியே போட்டுவிட்டாள். தேர்தலில் நிற்க வேண்டுமென்றால் மற்ற குடியுரிமையைச் சத்தியம் செய்து கைவிட வேண்டும். அரசியல்வாதி கிரேஸ் போ 2006-இல் 9225 எடுத்து, 2010-இல் அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்தவர். அதற்குப் பிறகும் 2016-இல் அதிபர் தேர்தலில் நிற்கலாமா என்று உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. இலோய்லோவின் ஹாரோ தேவாலயத்தில் குழந்தையாகக் கண்டெடுக்கப்பட்டவர் என்பதால் எங்கள் வீட்டில் அவர் வழக்கு ஏதோ சொந்தக்காரர் வழக்கு மாதிரி ஓடியது. கவுஸ்வாகன் ஊர் மேயர் ஒருவர் துறந்த பிறகும் அமெரிக்கக் கடவுச்சீட்டில் பயணம் செய்ததற்காக 2013-இல் பதவி இழந்தார். அமெரிக்கக் கடற்படையில் இன்னமும் அதிகாரியாக இருக்கிற ஃபிலிப்பினோக்களுக்கு இந்த ஓட்டும் பதவியும் கிடையாது, குடியுரிமை மட்டும் உண்டு.

பிள்ளைகள் விஷயத்தில் தாமதம் வேண்டாம். பதினெட்டு வயதுக்குட்பட்ட, கல்யாணமாகாத பிள்ளைகளை அம்மாவின் அல்லது அப்பாவின் விண்ணப்பத்திலேயே சேர்க்கலாம், தலைக்கு 25 டாலர் கூடுதல், அவர்கள் பிரமாணம் எடுக்க வேண்டியதில்லை. பதினெட்டு தாண்டினால் அந்தக் கதவு மூடிவிடும். பிள்ளை பிறந்த சமயத்தில் பெற்றோரில் ஒருவர் இன்னும் ஃபிலிப்பினோக் குடிமகனாக இருந்திருந்தால் 9225 தேவையே இல்லை, அந்தப் பிள்ளை பிறப்பாலேயே ஃபிலிப்பினோ, பிறப்பைத் தூதரகத்தில் பதிந்தால் போதும். கிரீன் கார்டு காலத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்த வழி உண்டு. இது தெரியாமல் வரிசையில் நிற்கிற குடும்பங்களைப் பார்த்தேன்.

டூயல் எடுத்தவரின் கணவனுக்கோ மனைவிக்கோ மட்டும் இந்தச் சட்டத்தில் ஒன்றுமில்லை. நம்மூர் ஓ.சி.ஐ.யில், அதாவது வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தருகிற அட்டையில், ஓட்டு கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது, அது குடியுரிமையே இல்லை. ஆனால் கல்யாணமாகி இரண்டு வருஷமானால் துணைவருக்கும் தருகிறார்கள். என் வழியாக அவளுக்கு ஓ.சி.ஐ. கிடைக்கும், அவள் வழியாக எனக்கு டூயல் கிடைக்காது. எனக்குக் கிடைப்பது பாலிக்பயான் (ஊர் திரும்புகிறவர்) முத்திரை, 1989-இல் வந்த சலுகை, ஒரு வருஷம் விசா இல்லாமல் தங்கலாம், ஆனால் அவளோடு சேர்ந்தே வந்து இறங்க வேண்டும். தனியாகப் போய் இறங்கினால் அமெரிக்கக் கடவுச்சீட்டுக்கு 30 நாள்தான். நிரந்தரமாகப் போய்த் தங்குவதென்றால் 13ஏ என்கிற துணைவர் விசா தனியாக எடுக்க வேண்டும். வயல் வாங்கினால் பத்திரத்தில் அவள் பெயர், பக்கத்தில் 'இன்னாரை மணந்தவர்' என்று என் பெயர், அவ்வளவுதான் என் பங்கு. தன் பணத்தில் மனைவி பேரில் ஆன்டிபோலோவில் சொத்து வாங்கிய ஜெர்மன் கணவர் ஒருவர், பிரிந்த பிறகு போட்ட பணத்தையாவது திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டதற்கு, 2006-இல் உச்ச நீதிமன்றம் அதுவும் கிடையாது என்று சொல்லிவிட்டது. இதை நான் படித்துக் காட்டியதும் மனைவி சிரித்த சிரிப்பு எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.